நாலு டிகிரி

பீர் முஹம்மது இறந்த பிறகு ஆறு வருடம் பத்து மாதம் வண்டி ஓட்டினார். அதில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அடையாறு பாலத்தை ஒட்டியிருந்த குளிர்பதனக் கம்பெனி 1968இல் வாங்கிய முதல் குளிர் வண்டிக்கு அவர்தான் டிரைவர். அந்த வண்டி வருவதற்கு முன்னால் கொடைக்கானல் பிளம்ஸும் பேரிக்காயும் பட்டாணியும் வைக்கோலுக்குள் புதைந்து சாதாரண லாரியில்தான் வந்துகொண்டிருந்தன. தாம்பரம் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு கசிந்துவிடும். லாரிக்குப் பின்னால் ஈக்கூட்டம் ஊர்வலம்போல வரும். குளிர் வண்டி வந்த பிறகு, மலையில் சாயங்காலம் பறித்த பிளம்ஸ் மறுநாள் காலை பாண்டி பஜார் கடைகளில், தோல்மேல் படிந்திருக்கும் வெண்பொடிகூட அழியாமல் இறங்கியது. மயிலாப்பூர்க்காரர்கள் ஒரு வாரம் அதிசயப்பட்டார்கள். அப்புறம் பட்டாணி ஏன் நேற்றைவிடச் சின்னதாக இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அவர் இறந்தது 1969 மே மாதம், பிளம்ஸ் வரத்து உச்சத்தில் இருந்தபோது. திண்டிவனத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த வெப்பமானியின் முள் நாலிலிருந்து ஏழுக்கு ஏறியிருப்பதைப் பார்த்தார். பெட்டி அடுக்குகளுக்கு நடுவே குளிர்காற்று போவதற்கென்று விட்டிருந்த சந்தில் ஏதோ சரிந்து அடைத்திருக்க வேண்டும். இறங்கிப் பின்கதவைத் திறந்து உள்ளே போனார். சரிந்த பெட்டியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தார், மார்பைப் பிடித்துக்கொண்டு அடுக்கின்மேல் சாய்ந்தார். உயிர் அங்கேயே போய்விட்டது. கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்ததும், எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டு வண்டியை எடுத்தார். கூட வந்த லோடுமேன் வைரவன் ஊரூர் குப்பத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் பீடி நீட்டியபோதுதான் கை கையில் பட்டது.

"இன்னா நைனா, கை ஐஸ்கட்டியாட்டம் கீது?"

"செத்துப்பூட்டேன்னு நெனைக்கிறேன் வைரவா," என்றார் பீர் முஹம்மது. "சரக்க மொதல்ல சேத்துருவோம்."

சேர்த்தார்கள். பன்னிரண்டு கடைகளில் பெட்டி இறக்கிவிட்டு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த சந்துக்கு வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, மனைவி ஹாஜிரா பீயிடம் பதறாதே, நான் திண்டிவனத்தில் மௌத்தாகிவிட்டேன் என்று சொன்னார். ஹாஜிரா பீக்கு அப்போது முப்பத்தைந்து வயது. டீ போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட டீயை வடிகட்டி அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். லஸ் முனையிலிருந்து டாக்டர் வேதாந்தம் வந்து ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் மூன்று இடத்திலும் முதுகில் இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏற ஏற பீர் முஹம்மதுவின் நகக்கண்கள் கறுத்தன. அறையில் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாசனை எழுந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் நின்றபோது வைரவனுக்குத்தான் புரிந்தது. முப்பது வருடம் சரக்குத் தூக்கியவர் அவர்.

"அண்ணி, இது சரக்கு கெடுற வாசனை. அண்ணன வண்டில ஏத்து," என்றார்.

வண்டிக்குள் கால் மணி நேரத்தில் நகம் பழைய நிறத்துக்கு வந்தது. அன்று மாலையே அவர் மலைக்குக் கிளம்பினார்.

கம்பெனி என்ஜினீயர் ஸ்ரீரங்கன் மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்காரர், நிதானமான மனிதர். வடக்கே படித்துவிட்டு வந்து, பறித்த பட்டாணி எத்தனை மணி நேரம் மூச்சு விடுகிறது, அந்த மூச்சின் சூடு எவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டு வைத்திருந்தார். பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது, அதை மெதுவாகச் சாகவைப்பதுதான் நம் தொழில் என்பார். பீர் முஹம்மது விஷயத்தையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் சோதித்துப் பார்த்து, நாலு டிகிரியில் அவர் கெடாமல் இருப்பார், வெளியே நாற்பது நிமிஷம் தாங்குவார் என்று கண்டுபிடித்தார். சரக்குப் பெட்டியிலிருந்து டிரைவர் சீட்டுக்கு ஒரு குழாய் இழுத்துக் குளிர்காற்று வரச் செய்தார். கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்ததால் உள்பக்கமும் ஒரு வைப்பர் வைத்துக் கொடுத்தார். வண்டி ஓடாத நாட்களில் தங்க மூன்றாம் எண் குளிர் அறையில் ஒரு கட்டில் போடப்பட்டது. "நாப்பது நிமிஷம் பாய், அதுக்கு மேல வெளில இருக்கப்படாது," என்று மட்டும் பலமுறை சொன்னார். வைரவன் ஸ்வெட்டர், மப்ளர், இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வரப் பழகிக்கொண்டார். வழியிலிருந்த டீக்கடைக்காரர்களும் போலீஸ்காரர்களும் ஒரு மாதத்தில் விஷயம் தெரிந்து, வண்டியை அதிக நேரம் நிறுத்துவதில்லை.

ஹாஜிரா பீ பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பி, தான் இத்தா இருக்க வேண்டுமா என்று கேட்டாள். புருஷன் மௌத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்து துக்கம் காக்க வேண்டும். ஹஜ்ரத் இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டினார். தானே வாய் திறந்து சலாம் சொல்லுகிற ஆளுக்கு அடக்கத் தொழுகையான ஜனாஸா தொழவைக்க வழியில்லை, ஜனாஸா ஆகாமல் இத்தா எங்கிருந்து தொடங்கும் என்று பதில் வந்தது. ஆகவே அவள் துக்கம் காக்கவில்லை. அவர் வீட்டுக்கு வராததால் குடும்பமும் நடத்தவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள், பாய் வண்டியில் போவதைப் பார்த்தோமே என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி அடையாறுக்குப் போய், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூன்றாம் எண் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தண்ணீர் வரி, மழையில் ஒழுகும் ஓடு, மகள் சுபைதாவின் படிப்பு என்று பேசுவார்கள். பேசும்போது அவள் வாயிலிருந்து புகை வரும், அவர் வாயிலிருந்து வராது. 1970 அப்படிப் போயிற்று, 71 போயிற்று, 72உம் போயிற்று. பால் கொதித்துக் கையில் வழிந்தால் அவளுக்குச் சுட்டது ஒரு நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. சில சமயம் அதுவும் தெரியவில்லை.

1973இல் சுபைதாவுக்கு வரன் வந்தது. பையன் இனாயத், தி.நகரில் வளையல் கடை. அவன் தகப்பனார் நூர் முஹம்மது எதையும் நேராகக் கேட்கிறவர். சால்வை கொண்டுவராமல் குளிர் அறைக்கு வந்துவிட்டு, பல் தந்தியடிக்க நின்றார்.

"பாய், கோச்சுக்காதீங்க. பொண்ணக் கையப் புடிச்சுக் குடுக்கிற வலி நீங்களா, உங்க தம்பியா? நீங்க மௌத்துன்னா தம்பி கையால குடுக்கணும். ஹயாத்துன்னா உங்க கையால."

"அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணும்," என்றார் பீர் முஹம்மது. "அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

நூர் முஹம்மது கொஞ்ச நேரம் பேரிக்காய்ப் பெட்டிகளைப் பார்த்தார். ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவரை மௌத் என்று எப்படிச் சொல்வது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சம்மதித்தார். நிக்காஹ் மூன்றாம் எண் அறையில் நடந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் போர்வையும் ஜமுக்காளமும் போர்த்தியிருந்தார்கள், ஒருவர் ஜன்னல் திரைச்சீலைகூடப் போர்த்தியிருந்தார். ஹஜ்ரத் குத்பா ஓதும்போது ஒவ்வொரு வார்த்தையும் வெள்ளையாக வந்து தாடியில் தங்கியது. சுபைதா தலையில் வைத்த மல்லிகை பதினோரு நாள் வாடவில்லை. புகுந்த வீட்டில் அதை ராசி என்றார்கள்.

எல்லோரும் பிரியாணிக்குப் போன பிறகு ஹாஜிரா பீ மட்டும் அறையில் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த பீர் முஹம்மது தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு அழுதுச்சு ஹாஜிரா. எனக்கு ஒண்ணும் வரல."

"எனக்குந்தான் வரல," என்றாள் அவள்.

குளிர் எந்திரம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

கம்பெனி அதற்குள் நாலு வண்டி வாங்கிவிட்டது. மீனம்பாக்கத்திலிருந்து வெண்டைக்காயும் வெற்றிலையும் விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போயின. மயிலாப்பூர் மாட வீதியில் காலையில் பார்த்த கீரை, மறுநாள் அங்கே அரபிக்கடல் தாண்டி விற்றது. யாருக்கும் அது செய்தியாக இல்லை. 1975 கடைசியில் சுபைதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தை மாதம் அதைக் கம்பளியில் சுற்றி அடையாறுக்கு எடுத்துப்போனாள். பீர் முஹம்மது கையை நீட்டி வாங்கினார். அவர் விரல் கன்னத்தில் பட்டதும் குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்தது. விரல் பட்ட இடம் வெளுத்து, பிறகு சிவந்தது. அப்புறம்தான் வீறிட்டது. அவர் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். சுபைதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள். சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் வழக்கம்போல மலைக்குப் போய் வந்தார். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஹாஜிரா பீ சால்வையை மடித்துக்கொண்டு கிளம்ப எழுந்தபோது கேட்டார்.

"நானும் ஊட்டுக்கு வரட்டா?"

"நாப்பது நிமிஷம்தானே," என்றாள் அவள்.

"ஆமா. நாப்பது நிமிஷம்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, வாங்க, என்றாள்.

ஸ்ரீரங்கன் தானே வண்டியை ஓட்டி வந்தார். அன்று கபாலி கோவிலில் அறுபத்துமூவர் உற்சவம். லஸ்ஸுக்கு மேல் வண்டி நகர வழியில்லை. "பாய், இன்னொரு நாள் வச்சுக்கலாமே, கூட்டத்த பாருங்கோ," என்றார். பீர் முஹம்மது இறங்கிவிட்டார். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. ஏறக்குறைய ஏழு வருடத்தில் அவர்மேல் பட்ட முதல் முழு வெயில். ஹாஜிரா பீ அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் இருவரையும் தள்ளிக்கொண்டு போயிற்று. தண்ணீர்ப் பந்தலில் ஒரு பெரியவர், வருகிறவர் யாரென்று பார்க்காமல் எல்லோருக்கும் நீர்மோர் நீட்டிக்கொண்டிருந்தார். பீர் முஹம்மது கையிலும் ஒரு டம்ளர் வந்தது. அவர் அதைக் குடித்தார். குடித்துவிட்டு உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். பக்கத்தில் நின்றவர்கள், ஆமாம், தூக்கல்தான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சேரும்போதே இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. அவர் வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெயிலில் நடந்து வந்ததில் கைகள் சூடாகியிருந்தன. பிரசவத்துக்கு வந்த சுபைதா இன்னும் பிறந்த வீட்டில்தான் இருந்தாள். குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அது அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகியது, பிறகு தூங்கிப்போனது. அவர் அசையாமல் இருந்தார். ஹாஜிரா பீ அவர் காலருகே தரையில் உட்கார்ந்து, சுடுகிறதா என்று கேட்டாள். சுடுது, நல்லாருக்கு, என்றார். தெருவில் மேளமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டபடி இருந்தன. பழ வாசனை மெதுவாக எழுந்தது.

வண்டியை எப்படியோ சந்து முனை வரை கொண்டுவந்துவிட்டிருந்த ஸ்ரீரங்கன் வாசலில் வந்து நின்றார். "பாய், நேரம் ஆயிடுத்து. எந்திரம் ஓடிண்டுதான் இருக்கு. இப்ப ஏறினாலும் சரிபண்ணிடலாம்," என்றார். பீர் முஹம்மது திரும்பவில்லை. குழந்தை தூங்குகிறது என்று விரலால் சாடை காட்டினார். ஸ்ரீரங்கன் ஹாஜிரா பீயைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், சந்து முனைக்குப் போனார், எந்திரத்தை நிறுத்தினார். வீடு வரை கேட்டுக்கொண்டிருந்த அந்த உறுமல் அடங்கியது. சுபைதா குழந்தையை மடியிலிருந்து எடுத்தபோது அவர் கைகள் தாமாக இறங்கி நாற்காலியின் இரு பக்கமும் தொங்கின. அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா நடந்தது. ஹஜ்ரத்துக்கு இந்த முறை எந்தக் கிதாபையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. வைரவன் தோள் கொடுத்தார். பெரிய கனமில்லை, ஒரு பெட்டி பேரிக்காய்தான் என்று பிறகு சொன்னார்.

மறுநாள் காலை பால் காய்ச்சும்போது ஹாஜிரா பீயின் கையில் பால் பட்டது, பட்ட உடனே சுட்டது. அவள் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். 1969 மே மாதம் வந்திருக்க வேண்டிய அழுகை அது. எந்தக் குளிரில் இருந்ததோ, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல், அன்று காலைதான் செய்தி வந்ததுபோல வந்தது. சந்துப் பெண்கள் போட்ட வேலையைப் போட்டபடி ஓடிவந்தார்கள். ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், ஒருத்தி அடுப்பை அணைத்தாள், ஒருத்தி தன் வீட்டுச் சோற்றை இங்கே கொண்டுவரச் சொல்லி மகளை அனுப்பினாள். எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். திண்டிவனத்துல, ரயில்வே கேட்டுல, என்று அவள் தொடங்கினாள். அவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, முதல் முறை கேட்கிறவர்களாகக் கேட்டார்கள்.