இரண்டு கருவிகள், ஒரே கணக்கு

அந்த வீட்டில் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உண்டு. போட்டால்தான் ஏன் போட்டாய் என்ற கேள்வி வரும். மின்னூல் படிக்கும் கருவி ஆளுக்கொன்று இருந்தது. கணக்கும் கடவுச்சொல்லும் இருவருக்கும் ஒன்றுதான். "குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்பான் கணவன். ஆறு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மூச்சு முட்டியது.

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவெடுத்தாள். எப்படிப் போவதென்று தெரியவேண்டுமே! மணவிலக்கு கேட்கும் பெண்களுக்கான கையேடு ஒன்றை நூலகத்திலிருந்து மின்னூலாக இரவல் எடுத்தாள். நூலக அட்டையும் அந்தக் கணக்கோடுதான் பிணைந்திருந்தது. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் கணினியில் படிக்கலாம் என்றால், கோப்பு திறக்கவே இல்லை.

லென்ஸ் வெட்டுகிற அண்ணன் எட்டிப் பார்த்தார். "பூட்டுப் போட்ட ஃபைல்மா இது. எந்தக் கணக்குல எடுத்தியோ அந்தக் கருவியிலதான் திறக்கும்."

"நான் படிக்கிறது வேற யாருக்காவது தெரியுமாண்ணே?"

"இறக்கினதும் நெட்டை அணைச்சிடு. அப்புறம் யாருக்குத் தெரியப் போகுது?"

கண்ணாடிப் பவரைப் பற்றி என்றால் அவர் சொன்னது தப்பாது. இது அவர் தொழில் இல்லை. ஆனாலும் நம்பினாள், வேறு யாரைப் போய்க் கேட்பாள், பாவம்!

தன் கருவியில் இறக்கி நெட்டை அணைத்தாள். பதின்மூன்று நாள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தொண்ணூறு பக்கம் படித்தாள். பதினான்காம் நாள் மாலை கருவி முரண்டு பிடித்தது: இரவல் காலம் முடிகிறது, நீட்டிக்க இணையத்தில் இணையவும். ஒரு நிமிஷம்தானே என்று இணைத்தாள்.

இரவல் நீண்டது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: 'மற்றொரு கருவியில் பக்கம் 187 வரை படிக்கப்பட்டுள்ளது. அங்கே செல்லவா?'

இவள் அணைத்தது இவளுடைய நெட்டை மட்டும். கணக்கில் ஏறிய அன்றே புத்தகம் அவன் கருவியிலும் போய் உட்கார்ந்துவிட்டிருக்கிறது. 'ஆம்' என்பதைத் தொட்டாள்.

'கிளம்புமுன் கையில் இருக்கவேண்டியவை' என்று பக்கம் விரிந்தது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்ற வரிமேல் மஞ்சள் பூசியிருந்தது. அவள் பூசியதல்ல.

பீரோவுக்கு ஓடினாள். மகளின் ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒரு தாள்கூட இல்லை. வெறும் ஃபைலைப் பிடித்தபடி நின்றாள். இனி எங்கேயும் போகமுடியாது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

பின்னால் கணவன் வந்து நின்றான்.

"என்னம்மா தேடுறே?" என்றான். "சொன்னா நானும் சேர்ந்து தேடுவேன்ல."