லாரிக்கு அளவெடுத்த டெய்லர்

தெருவில் எல்லாருக்கும் அவள் டிரைவரக்கா. லாரி கம்பெனி ஒன்றில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்தே உள்ளங்கை காய்த்துப்போனவள். ஒருநாள், யாரோ வண்டியில் போட்ட கீறலுக்கு முதலாளி எல்லார் முன்னாலும் இவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். இவள் மட்டும் சளைத்தவளா? சாவியை மேசையில் எறிந்து, "நானே சொந்தமா லாரி வாங்கி ஓட்டிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். முதலாளி பதிலுக்குக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். "போயிட்டு வாம்மா, உன் சீட்டு காலியாவே இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சோற்றில்கூட வந்து உறுத்தியது.

சேமிப்பைத் துடைத்து வழித்து ஒரு பழைய மினி லாரியை வாங்கினாள். எஞ்சின் இருந்தது, சக்கரம் இருந்தது, முன்னால் டிரைவர் உட்காரும் கூண்டு இருந்தது. பின்னால் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான். தின்றுவிட்டுப் போட்ட மீன் முள் மாதிரி நின்றது வண்டி. அதன்மேல் சரக்கு ஏற்ற ஒரு தட்டையான தளம் கட்டியாக வேண்டும். செடி வளர்த்து விற்கிற நர்சரி அம்மா ஒருத்தி வாக்குக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் லாரி வந்து நின்றால் வாராவாரம் இவளுக்கே வேலை. வராவிட்டால் வேறு ஆள். வேறு ஆள் வந்தால் இவள் அந்தக் காலி சீட்டுக்குத்தான் போக வேண்டும், அந்தச் சிரிப்பை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அதற்குச் செத்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் விலை கேட்டாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாள்.

"வெளியில எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அவள் வீட்டுக்காரர். மனுஷன் டெய்லர். "நான் அளவெடுக்கறேன். மாப்ள வெட்டி ஒட்டட்டும்."

மாப்ள என்றது டிரைவரக்காவின் தம்பியை. அவன் வெல்டர். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நின்றது நின்றபடி வந்துவிடுவான்; வந்தபிறகு சொன்னதைச் செய்வானா என்பது வேறு விஷயம். காயலான் கடையிலிருந்து பழைய விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்தான். பலகைக்கு டெய்லர் வழி பண்ணினார். ஒரு டான்ஸ் கிளாஸில் மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துக் கொடுத்து மேடைப் பலகைகளை அப்படியே வாங்கிவந்துவிட்டார். பலகை முழுக்க மஞ்சள் பெயிண்டில் பாதச் சுவடுகள், எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று.

"லோடு ஏத்தறவங்க ஆடிக்கிட்டே ஏத்துவாங்க, மாமா" என்றான் தம்பி.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் வேலை. டெய்லர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார், நாக்கைக் கடித்தார்.

"ஏம்மா, இடுப்புல பிடிச்ச மாதிரி வேணுமா, கொஞ்சம் லூசா வேணுமா?"

"லாரிக்கு ஏதுங்க இடுப்பு? அளவை எடுங்க முதல்ல!"

எடுத்தார். இந்த இடத்தில் டெய்லரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உள்ளே கொஞ்சம் துணி விடாமல் அவர் எதையும் வெட்டியதே கிடையாது. நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டாமா? கல்யாண மாப்பிள்ளைக்கும் விடுவார், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விடுவார். லாரிக்கும் விட்டார். இரண்டு பக்கமும் தாராளமாக விட்டார். யாரிடமும் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு!

தம்பியிடம் இன்னொரு பழக்கம். வெட்டும்போது கொஞ்சம் தேயும், அரம் போட்டு ராவும்போது கொஞ்சம் தேயும் என்று, சொன்ன அளவுக்குமேல் எப்போதும் கூட்டித்தான் வெட்டுவான். அவனும் வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு நட்டு போல்ட் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று தளத்தை லாரிச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டான். இனிமேல் கழற்ற முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. டிரைவரக்கா மேலே ஏறி, மஞ்சள் சுவடுகளில் கால்வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆடிக்கொண்டே போனாள். தம்பி தகரத்தைத் தட்டினான். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டிப் பார்க்கலாமென்று வண்டியைக் கிளப்பினாள். சந்துமுனை வந்தது. டிரைவர் கூண்டு சுகமாக வெளியே போனது. தளம் போகவில்லை. 'டங்'கென்று ஒரு சத்தம். இந்தப் பக்கம் பல் டாக்டரின் சுவர், அந்தப் பக்கம் வீட்டு ஓனரின் சுவர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் அதிகம்.

இறங்கி வந்து பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"தையலுக்குக் கொஞ்சம் விட்டேன்..." என்றார் டெய்லர்.

"தேயுமேன்னு நானும் கொஞ்சம் விட்டேன், அக்கா" என்றான் தம்பி.

அதன்பிறகு ஆளுக்கொரு யோசனை. டயரில் காற்றை இறக்கிப் பார்க்கலாம் என்றார் டெய்லர். காற்றை இறக்கினால் வண்டி குள்ளமாகுமே தவிர ஒல்லியாகாது என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. சுவரில் சோப்புத் தண்ணீர் ஊற்றலாம் என்றான் தம்பி. ஊற்றியும் விட்டான். வழுக்கி விழுந்தது அவன்தான். சத்தம் கேட்டு வெளியே வந்த பல் டாக்டர், "என் சுவர்ல கை வச்சீங்கன்னா உங்க பல்லுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டு ஓரத்தையும் வெட்டி எறிந்துவிடலாம் என்று தம்பி கடைசியில் சொன்னான். பலகை குறுகிவிடும், செடித்தொட்டிகளை விளிம்புவரை நெருக்கி வைக்க வேண்டிவரும், விளிம்பில் வைத்தது முதல் திருப்பத்திலேயே ரோட்டுக்கு வந்துவிடும்.

டிரைவரக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆத்திரம் அதற்குமேல் முட்டியது.

"மடிச்சுத் தைக்கத்தானே விட்டீங்க?" என்று கத்தினாள். "அப்ப மடிங்களேன்! இப்ப மடிங்க பாப்போம்!"

டெய்லர் மெதுவாகத் தளத்தின் ஓரத்தைத் தடவினார். தம்பி சாணளவு உள்ளே விரலால் ஒரு கோடு இழுத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏம்மா," என்றார் டெய்லர், "இங்க வெட்டிக் கீல் வச்சா மடியுமே!"

கீலுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்திருக்காது, கையிலும் காசில்லை. தம்பி வீட்டுக்குள்ளே போனான். சமையலறைக் கதவு போனது, படுக்கையறைக் கதவு போனது, அலமாரிக் கதவு போனது. குளியலறைக் கதவில் கைவைத்தபோது மட்டும் டிரைவரக்கா ஒரு நொடி தயங்கினாள். "அதையும் கழட்டு" என்றாள் பிறகு. டெய்லர் பூப்போட்ட திரை ஒன்றை அங்கே மாட்டிவிட்டார், அதிலும் அடியில் கொஞ்சம் துணி விட்டு. வேலை முடிந்தபோது தளத்தின் இரண்டு ஓரமும் காது மாதிரி மேலே மடிந்து நின்றன. தாழ்ப்பாள் போட்டால் அசையாது. லாரி சந்தைவிட்டு வெளியே வந்ததும் பல் டாக்டர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை நர்சரி அம்மா லாரியை இரண்டு முறை சுற்றிவந்தாள். மடிந்து நின்ற ஓரத்தைப் பிடித்து உலுக்கினாள்.

"போன வண்டியில பாதித் தொட்டி வழியிலேயே விழுந்துடுச்சு," என்றாள் நர்சரி அம்மா. "இதுல ரெண்டு பக்கமும் தடுப்பு இருக்கே! ஏத்துங்கப்பா."

ஏற்றினார்கள். ஒன்றும் விழவில்லை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததும் நர்சரி அம்மா, "அடுத்த வாரமும் இதே நேரம் வந்துடு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். டிரைவரக்கா கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஆசைதீர அழுதாள்.

வீட்டுக்குப் போக நேர்வழி இருந்தது. அவள் சுற்றுவழியில் போனாள். பழைய கம்பெனி வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தி, கையை எடுக்கவே இல்லை. மெக்கானிக்குகள் வந்தார்கள், டிரைவர்கள் வந்தார்கள், கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு முதலாளியே வந்தார். மஞ்சள் பாதங்களைப் பார்த்தார், மடிந்த காதுகளைப் பார்த்தார், கதவுக் கீல்களைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"லாரிங்க" என்றாள் டிரைவரக்கா. "என்னோடது."

முதலாளி இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.