பதினான்காம் வீட்டில் ஐந்து பேர்

மூன்று வாரமாகப் புத்தகங்களைக் கழித்துக் கழித்து அந்த நூலகருக்குக் கை மட்டுமல்ல, மனசும் விட்டுப்போயிருந்தது. கல்லூரி நூலகம் சின்ன அறைக்கு மாறுகிறது. பாதிக்குப் பாதி போயாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு போட்டவர்களுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது போலும், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசி அலமாரியில் இன்னும் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் இடம். மேசைமேல் இரண்டு கிடந்தன. ஒன்று, நகரத் திட்டமிடலுக்கான கணக்கெடுப்பு முறைகள் பற்றியது. மற்றது, இடிக்கப்பட்ட தெருக்களை மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது பற்றியது. இரண்டும் எடுத்துக்கொண்டது நூலகரான அவள் பிறந்த தெருவைத்தான். அந்த இடம் இப்போது பேருந்து நிலையம்.

"இதுல என்ன மேடம் யோசனை?" என்றார் சாக்கோடு நின்ற உதவியாளர். "நினைவுப் புத்தகத்தை வைங்க. உங்க தெருவாச்சே! இந்தக் கட்டம் கட்டமா இருக்கறத எவன் படிப்பான்? அட்டையைப் பார்த்தாலே கொட்டாவி வருது."

அவர் சொன்னதில் தப்பில்லை. நினைவுப் புத்தகம் அழகாகத்தான் இருந்தது. குழாயடிச் சண்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் வீடு மட்டும் அதில் இல்லை. பேட்டிக்கு வந்தவர்களிடம் அம்மா வாயே திறக்கவில்லை.

முறைகள் புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை. வீடு பதினான்கு: கணவர், மனைவி, மூன்று பெண்கள். மொத்தம் ஐந்து பேர்.

அது பொய். கணக்கெடுக்க வந்தபோது அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். "வேலைக்குப் போயிருக்கார், சாயங்காலம் வந்துடுவார்" என்று அம்மா கூசாமல் சொன்னாள். அப்போது பத்து வயதான அவள் கதவுக்குப் பின்னால் நின்று அதை அப்படியே நம்பி, இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அம்மாமேல் வந்த அந்தக் கோபம், அம்மா செத்த பிறகும் ஆறவில்லை. இன்று கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அந்த அட்டவணையில் மட்டும் அப்பா இன்னும் வீட்டில்தான் இருந்தார்.

நினைவுப் புத்தகத்தைச் சாக்கில் போட்டாள்.

"ஐயையோ, மாத்திப் போட்டுட்டீங்க!"

"இல்லண்ணே, சரியாத்தான் போட்டேன்."

"அப்ப அந்தக் கணக்கெல்லாம் அவ்வளவு சரியா இருக்கா?"

"தப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதை அலமாரியில் செருகினாள்.

உதவியாளர் ஒன்றும் புரியாமல் சாக்கைக் கட்டித் தோளில் ஏற்றினார். "சாயங்காலமாச்சு மேடம். கிளம்பலையா?"

அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "நீங்க போங்கண்ணே. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துட்டு வரேன்."