மில்ஃபோர்டில் ஓர் அறை

டாயல் டாக்கெட்டுக்குப் புது வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறப்பதில்லை. பிக்கெட் ஸ்டேட் கல்லூரியின் ஃபுட்பால் அட்டவணை வெளியாகும் அன்றுதான் பிறக்கும். அலபாமாவில் அவர் வயதுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அன்று மாலையே சமையலறை மேசையில் மஞ்சள் காகிதக் கட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளியூர் ஆட்டம் எது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே பெட்ரோல், எங்கே பன்றிக்கறி பார்பிக்யூ என்று எல்லாம் அதில் ஏறும். மகள் கல்யாணத்துக்குக்கூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை.

அந்த வருஷம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமைக்கு நேராக ‘மில்ஃபோர்ட், டென்னசி’ என்று இருந்தது. டாயல் அதன் அடியில் இரண்டு கோடு போட்டார். தட்டுகளைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்த அவர் மனைவி வெர்லீன், துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

மில்ஃபோர்டில் ஆடும் முறை ஆறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அந்த ஊரில்தான் அக்கா மோரீன் இருந்தாள். போன தடவை அங்கே போனபோது நின்ற பேச்சு, ஆறு வருஷமாக ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட இல்லை. ஐந்து மணி நேரப் பயணம்தான். நினைத்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். ஆனால் போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே! இந்தச் சாக்கையும் விட்டால், அடுத்தது வரும்போது வெர்லீனுக்கு எழுபத்திரண்டு, அக்காவுக்கு எழுபத்தேழு. அதுவரை யார் இருப்பார்கள், யார் போவார்கள்? அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கினாள். தானாக முதலில் கூப்பிட மட்டும் மாட்டாள். பிடிவாதத்தில் அக்காளும் தங்கையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

சண்டை இப்படித்தான் வந்தது. கடைசிக் காலத்தில் அம்மா மோரீன் வீட்டில் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு, இதே ஆட்டம் நடக்க நான்கு நாள் இருக்கையில், அம்மா போய்ச் சேர்ந்தாள். சபைக்குப் புதிதாக வந்திருந்த போதகர் அடக்க ஆராதனையைச் சனிக்கிழமை மத்தியானம் வைத்துவிட்டார். அவர் வடக்கத்தி ஆள். அக்டோபர் சனிக்கிழமையில் இந்தப் பக்கம் கல்யாணமே வைக்கமாட்டார்கள் என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது?

டாயல் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக லட்சணமாகத்தான் வந்தார். இடது காதில் பட்டாணி அளவுக்கு ஓர் இயர்போன் இருந்தது யாருக்கும் தெரியாது. பெட்டியை மூடும் நேரம். சபையே மூச்சடக்கி நின்றது. அந்த நொடி பார்த்து, ஆட்டத்தின் கடைசி உதை. பிக்கெட் ஸ்டேட் பையன் உதைத்த பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய், மில்ஃபோர்ட் அணி தோற்றது. “அப்படிப் போடு!” என்று கத்திவிட்டார் டாயல்.

சபைப் படிக்கட்டிலேயே மோரீன் வெடித்தாள். “இந்தப் பன்னியை இனிமே என் வாசப்படி ஏத்தாதே! பாரு, என் புருஷனும்தான் மாப்பிள்ளை. மாமியாருக்காக எப்படித் தேம்பித் தேம்பி அழறாரு பாரு!” பக்கத்தில் அவள் கணவர் ஹார்லன் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அன்று டாயல்மேல் வெர்லீனுக்கு இருந்த கோபத்தில் அவரைக் குழியிலேயே தள்ளியிருப்பாள். ஆனால் தன் புருஷனைத் தான் திட்டலாம், இன்னொருத்தி திட்டினால் பொறுக்குமா? அவளும் நாலு வார்த்தை விட்டாள். அந்த நாலும் திரும்ப எடுக்கக்கூடிய வார்த்தைகள் அல்ல.

இந்தத் தடவை டாயல் ஜனவரியிலேயே ஓட்டலில் அறை பிடித்துவிட்டார். “ஊரே மூணு மடங்கு விலை கேக்குது. நான் சாதா விலைக்குப் புடிச்சிட்டேன் பாரு!” என்று பத்து மாதம் தம்பட்டம் அடித்தார். ஆட்ட வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓட்டலிலிருந்து அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“வெர்லீன், பனி பெய்யுமாம். கனமான கோட்டு எடுத்துட்டு வரச் சொல்றான்.”

“டென்னசியில, அக்டோபர்ல பனியா? கொண்டா இங்கே.” அவள் போனை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். “டாயல், இது எந்த மில்ஃபோர்ட்?”

“எத்தனை மில்ஃபோர்ட் இருக்கு?”

“நாட்டுல ஒரு டஜன் இருக்கும். நீ மிச்சிகன்ல புடிச்சிருக்கே. சாதா விலையாம்! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.”

பிக்கெட் ஸ்டேட் அணியின் சின்னமே கோவேறு கழுதைதான்.

சாயங்காலம் வரை இருவரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு தேடினார்கள். மில்ஃபோர்டைச் சுற்றி எண்பது மைலுக்கு ஒரு கட்டில் காலியில்லை.

“வண்டியிலேயே படுத்துக்கலாம்,” என்றார் டாயல்.

“உன் இடுப்புக்கு? அப்புறம் உன்னை ஆட்டத்துக்குத் தூக்கிட்டுத்தான் போகணும்.”

“அப்போ டிக்கெட்டைக் கொடுத்துடலாம். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டுட்டே இருந்தான்.” சொல்லிவிட்டு அவர் மஞ்சள் காகிதக் கட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, “உங்க அக்காவைப் பாத்துடுவோம்னு நானும் நெனச்சிருந்தேன். பத்து மாசமா பேசுறதுக்கு வார்த்தை தேடி வச்சிருந்தேன், மன்னிப்புக் கேக்க,” என்றார்.

வெர்லீன் நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில்லை. மஞ்சள் காகிதத்தை இழுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ‘மோரீன், வாய்ப்பிருந்தால்’ என்று கோணல் எழுத்தில் இருந்தது. மேற்கொண்டு யோசித்தால் பிடிவாதம் திரும்பிவிடும் என்று பயந்து அப்போதே போனை எடுத்தாள். எண் விரலுக்கு மறக்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் மோரீன்.

“அக்கா, நான்தான்.”

வெர்லீன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“இந்தச் சனிக்கிழமை... எங்களுக்குத் தங்க இடமில்லை. இந்த மனுஷன் மிச்சிகன்ல ரூம் போட்டுட்டான்.”

“மிச்சிகன்லயா?” என்றாள் மோரீன். ஒரு மூச்சு விட்டு, “வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க?” என்றாள்.

வெர்லீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“பின்னறை மெத்தையை அட்டவணை வந்த அன்னைக்கே மாத்திட்டேன்டி,” என்றாள் அக்கா. “நீங்க வந்துதானே ஆகணும்னு பாத்துட்டிருந்தேன். இந்த வாரமும் போன் வரலியா, எனக்கு சோறு எறங்கல.”

“அப்போ நீயே கூப்பிட்டிருக்கலாம்ல?”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? போன வருஷம் ஹார்லனுக்குக் காது மெஷினை மாத்தப் போனோம். கடைக்காரப் பொண்ணு, ‘தாத்தா, புது மெஷின்ல ஆட்டத்து வர்ணனைகூடக் கேக்கலாம், தெரியுமா?’ன்னா. இந்த மனுஷன் என்ன சொன்னான் தெரியுமா? ‘பழசுலயே ஏழு வருஷமா கேட்டுட்டுத்தானே இருக்கேன்’னான்.”

வெர்லீனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. “ஐயோ! அம்மா அடக்கத்துல...”

“ஆமாடி! உன் புருஷன் கத்தினான், என் புருஷன் அழுதான். ரெண்டும் ஒரே உதைக்குத்தான்! மாமியாருக்காக அழுத உத்தமன்னு சபைப் பொம்பளைங்க ஒரு மாசம் இவனுக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொண்டாந்தாங்க. அத்தனையும் தின்னான்!”

வெர்லீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. அந்தப் பக்கமும் அதே சத்தம்தான். ஆறு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. டாயல் எதுவும் புரியாமல் கண்ணைத் துடைக்க ஒரு காகிதத் துண்டை நீட்டினார்.

“ஒரு நிபந்தனை,” என்றாள் மோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “ஆட்டத்துக்கு முன்னாடி நாலு பேரும் அம்மாகிட்டப் போறோம். காதுல ஒண்ணும் இருக்கக் கூடாது, ரெண்டு பேருக்கும்.”

சனிக்கிழமை காலை மில்ஃபோர்டில் வெயில் பளிச்சென்று இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் மோரீன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். டாயல் இயர்போனைக் கழற்றி அதில் போட்டார். கோட்டுப் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துப் போட்டார். ஹார்லன் இரண்டு காது மெஷின்களையும் கழற்றிப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினார்.

நால்வரும் அம்மா கல்லின் முன்னால் கைகோத்து நின்றார்கள். “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு, அத்தை,” என்று டாயல் சத்தமாகவே சொன்னார். அதற்குமேல் தேடி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. மோரீன் அவர் முழங்கையைத் தட்டிக் கொடுத்தாள்.

அப்போது வெர்லீன் ஹார்லனைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது. மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெர்லீன் சந்தேகத்தோடு அக்காவைப் பார்த்தாள்.

மோரீன் கையிலிருந்த டப்பாவை மெல்ல ஆட்டிக் காட்டினாள். உள்ளே கடகடவென்றது.

“மெஷின் ரெண்டும் இங்கதான்டி இருக்கு,” என்றாள்.