வளையத்துக்கு அடியில் ஒரு வரி

அந்தத் தொழிற்சாலையில் குளிர்பான டப்பாவுக்கு மூடி செய்கிறார்கள். மூடி மட்டும்தான். டப்பா வேறு இடத்தில், பானம் வேறு இடத்தில். மூடியின்மேல் விரலை விட்டு நெம்பித் திறக்கிறோமே, அந்த வளையமும் இங்கேதான் பிறக்கிறது. அலுமினியத் தகடு ரிப்பன் மாதிரி சுருளிலிருந்து ஓடி வரும். வழியில் லேசர் கதிர் அதன்மேல் ஒரு வரி எழுதும். அப்புறம் அச்சு இறங்கி அதை வளையமாக வெட்டி மடக்கும். குடிப்பவர் வளையத்தைத் திருப்பிப் பார்த்தால் வரி தெரியும். இப்படி ஒரு வரியைப் படிக்கவைத்து மனிதகுலத்தை முன்னேற்றிவிடுவது என்று பானக் கம்பெனி முடிவு கட்டியிருந்தது. அதற்காக ஒரு விளம்பர நிறுவனம் ஏழெட்டுப் பேரைக் குளுகுளு மலையில் தங்கவைத்து, யோசிக்கவைத்து, "கனவு காண்", "துணிந்து செல்", "நீயே வானம்" என்று சில வரிகளைப் பெற்றெடுத்தது. பிள்ளை பெற்றிருந்தால்கூட அவ்வளவு செலவாகியிருக்காது.

லேசர் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஆலையில் லென்ஸ் என்று பெயர். எழுத்தைச் சரிபார்க்கும் பூதக்கண்ணாடி எந்நேரமும் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். வீட்டுக்குப் போனாலும் கழற்ற மறந்துவிடுவார். அவருக்குப் பரம எதிரி, எழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி. கதிரின் வேகம் ஒரு மயிரிழை கூடினால் புள்ளி விழ வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். குறைந்தால் புள்ளியே விழாது. ஆகவே தினமும் காலையில் வேலை தொடங்குமுன் கொஞ்சம் தகட்டில் எதையாவது எழுதிப் பார்த்து, சரியாக வந்ததும் அந்தத் துண்டை வெட்டிக் கழிவுத் தொட்டியில் எறிவது வழக்கம்.

எதை எழுதுவது என்பது ஓட்டுகிறவர் இஷ்டம். லென்ஸுக்கு முன்னால் இருந்தவர் மேலாளரின் பரம்பரையைப் பற்றி நாக்கூசும் செய்திகளை எழுதுவார். படித்து ரசிப்பார், வெட்டி எறிவார். கோபமும் தணியும், கதிரும் சரியாகும். லென்ஸ் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் வெகுகாலம் "அஆஇஈ" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார். மச்சினன் வீட்டுப் புதுமனை விருந்துக்குப் போய் வந்த பிறகுதான் வேறு வரிக்கு மாறினார்.

அந்த விருந்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். லென்ஸின் மனைவி தையல்காரி. தம்பியின் புது வீட்டுக்கு எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலை தானே தைத்துக் கொடுத்தாள். கண் எரிய எரிய, முதுகு விட்டுப்போகத் தைத்தாள். விருந்தன்று வந்த உறவெல்லாம் திரையைத் தொட்டுப் பார்த்து, "கடையில வாங்கினா இப்படி வருமா?" என்று வாய் ஓயாமல் புகழ, அவள் முகம் பூரித்துப் போயிருந்த நேரம். லென்ஸ் எழுந்து ஜன்னலருகே போனார். கழுத்திலிருந்ததைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

"இங்க ஒரு தையல் விட்டுப் போயிருக்கே," என்றார்.

யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. இருந்தும் சொன்னார். நாத்தனார் உறவில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான். மனைவி அன்றிலிருந்து அவருடன் பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் ஒரேயடியாக ஊமை விரதம் இல்லை. எல்லாவற்றையும் பிரிட்ஜிடம் சொல்லுவாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கு, வேணுங்கிறவங்க சாப்பிடலாம்." "கரண்ட் பில்லு கட்டலைன்னா நாளைக்கு இருட்டுல கெடக்க வேண்டியதுதான்." பிரிட்ஜ் உர்ரென்று கேட்டுக்கொள்ளும். லென்ஸ் "கட்டிடறேன்" என்று பிரிட்ஜின் சார்பில் பதில் சொல்லுவார். மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால், "உண்மையைத்தானே சொன்னேன்" என்பதுதான் வெளியே வந்தது. நியாயம் பேசுகிற நாக்குக்கு மன்னிப்பு எட்டிக்காய்.

வாயில் வராதது விரலில் வந்தது. ஒரு நாள் காலை இயந்திரத்தின் முன் உட்கார்ந்து "தப்பு என் மேல்தான்" என்று தட்டினார். நாலு புள்ளி! சோதனைக்கு இதைவிடத் தோதான வரி உண்டா? தகட்டில் ஜம்மென்று விழுந்தது. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவருக்கே நெஞ்சு கொஞ்சம் இளகியது. வெட்டித் தொட்டியில் போட்டார். இப்படி தினமும் காலையில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதும், அதைக் குப்பையில் போடுவதுமாகக் காலம் ஓடிற்று.

இந்த நிலையில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். விரயத்தை ஒழிப்பதற்கென்றே தலைமையகம் அனுப்பிய ஆள். வந்த வாரமே அவருக்குச் சிக்கனம் என்று பெயர் விழுந்துவிட்டது. முதல் காரியமாக எல்லாக் கழிவுத் தொட்டிகளையும் அப்புறப்படுத்தினார்.

"தொட்டி இருந்தாத்தானே குப்பை சேரும்?" என்றார்.

"சார், சோதனைத் துண்டை எங்க போடறது?" என்று லென்ஸ் கேட்டார்.

"சோதனையே எதுக்கு? நல்லா வர்ற மாதிரி ஓட்டுங்க."

இந்த ஞானத்துக்கு எதிர்வாதம் ஏது? லென்ஸ் சோதனைத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தெருமுனையில் கொட்டினார்.

அப்புறம் வந்தது சிக்கன உறுதிமொழி நாள். அன்று காலை லென்ஸ் வழக்கப்படி வரியைத் தட்டி, ஓட்டி, புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின இரவு மனைவி பிரிட்ஜிடம், "தம்பி வீட்டுல போய் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாம்னு இருக்கேன்," என்று சொல்லியிருந்தாள். அதே நினைப்பில் இருந்தார். ஒலிபெருக்கி அலறியது: எல்லாரும் உடனே முற்றத்துக்கு வரவும், இயந்திரத்தை நிறுத்த வேண்டாம், நிறுத்துவது விரயம். வரியை மாற்ற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். லென்ஸ் அழுத்தவில்லை. எழுந்து போய், வலக்கையை நீட்டி, ஒரு துளியும் விரயம் செய்யமாட்டேன் என்று மற்றவர்களோடு சத்தியம் செய்தார். சிக்கனம் விரயத்தைப் பற்றி மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசினார். அந்த நேரம் முழுக்க இயந்திரம் நிற்காமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த லென்ஸ் பசி மயக்கத்தில் "நீயே வானம்" என்று மாற்றிவிட்டு உட்கார்ந்தார். ஓடிப்போன தகட்டை நினைக்கவே இல்லை. கடைசியில் மூடிகளைப் பார்த்து அனுப்பும் தரச் சோதனை அக்காவும் அனுப்பிவிட்டாள். அவளுக்குக் கொடுத்திருந்த வேலை எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது. தெளிவாகத்தான் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது வேறு பிரிவின் வேலை. அந்தப் பிரிவைச் சிக்கனம் போன மாதம் மூடியிருந்தார்.

மூடிகள் டப்பாவில் ஏறி, டப்பாக்கள் கடையில் ஏறி, கொஞ்ச நாளில் விஷயம் வெடித்தது. பானக் கம்பெனியின் வக்கீல்கள் குதித்தார்கள். ஒரு தலைவர் மேடையில் தாகத்துக்கு டப்பாவைத் திறந்தவர், வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டாராம். ஆலையில் விசாரணை கூடியது.

நீள மேசையின் நடுவே ஒரு வளையம். சுற்றிலும் அதிகாரிகள். தப்பு என் மேல்தான் என்று சொன்னது அந்த அறையில் அந்த வளையம் ஒன்றுதான். கணினிப் பிரிவு பராமரிப்பைக் கைகாட்டியது. பராமரிப்பு கொள்முதலைக் கைகாட்டியது. கொள்முதல் கூரையைப் பார்த்தது. இயந்திரம் தானாகவே எழுதியிருக்க வாய்ப்புண்டு என்று ஒரு நிபுணர் படம் போட்டு விளக்கினார். கடைசியில் எல்லார் பார்வையும், வழக்கம்போல, அறையில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவள்மேல் வந்து நின்றது.

"நீங்கதானே பாஸ் பண்ணினீங்க?" என்றார் சிக்கனம்.

தரச் சோதனை அக்கா புடவைத் தலைப்பைத் திருகினாள். "எழுத்து தெளிவா இருந்துச்சு சார்..."

"அப்போ அவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம். விரயமும் குறையும்."

லென்ஸ் கதவோரம் நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. மேசைக்கு அருகே வந்தார்.

"தப்பு... தப்பு என் மேலதான்."

அந்த அறை கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் அங்கே வாயால் சொன்னதில்லை. குறிப்பெடுத்த பெண் எழுதலாமா வேண்டாமா என்று சிக்கனத்தைப் பார்த்தாள். லென்ஸ் சோதனை வரியிலிருந்து அழுத்தாத பொத்தான்வரை எல்லாவற்றையும் சொன்னார். வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் உடம்பு இறகாக லேசாகிவிட்டது. சொன்னால் செத்துப்போவோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார், பாவம்.

அதே நொடி பானக் கம்பெனியின் விளம்பர அதிகாரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "டப்பா பிச்சுக்கிட்டுப் போகுது! சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி, பேசாத சகலைங்க, எல்லாரும் வாங்கி வளையத்தை அனுப்பிக்கிறாங்க! இந்த யோசனை யாரோடது?"

"என்னோடது," என்றார் சிக்கனம்.

"எங்க பிரிவோடது," என்றது கணினிப் பிரிவு. கொள்முதல்கூட கூரையிலிருந்து இறங்கி வந்தது. சற்று முன் இயந்திரமே எழுதியது என்ற நிபுணர், தான்தான் அதற்கு எழுதச் சொல்லிக்கொடுத்ததாகச் சூசகமாகத் தெரிவித்தார்.

சிக்கனம் லென்ஸைத் தனியே கூப்பிட்டார். "ஏங்க, தப்பு உங்க மேலன்னு இனிமே எங்கயும் உளறாதீங்க. தப்பே நடக்கல. புரியுதா?" அக்காவின் வேலையும் பிழைத்தது, லென்ஸின் வேலையும் பிழைத்தது. தெருவெங்கும் ஆளுயர எழுத்தில் "தப்பு என் மேல்தான்" என்று பலகை ஏறியது. பாக்கிச் சில்லறை தராத கண்டக்டர் அதைச் சொல்லிப் பல்லிளித்தார். வாடகையை உயர்த்திய வீட்டுக்காரர் அதைச் சொன்னார். ஊரில் அதைச் சொல்லாதவர்கள் நிஜமாகவே தப்பு செய்தவர்கள் மட்டும்தான்.

தன் தெருமுனையிலும் பலகை ஏறிய அன்று மாலை லென்ஸ் வீட்டுக்கு நடந்துதான் வந்தார். வழியெல்லாம் ஒத்திகை. ஒரு தடவை வாய் திறந்துவிட்டது, இன்னொரு தடவை திறக்காதா? மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுக்குத்தான். அவர் அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"தப்பு என் மேலதான்," என்றார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து நிமிர்ந்தாள். விருந்துக்குப் பின் முதல் முறையாக நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"முக்குல போர்டு வெச்சிருக்கான், நானும் படிச்சேன். டப்பாக்காரன் எழுதிக் குடுக்கணுமா உங்களுக்கு? சொந்தமா ஒரு வார்த்தை வராதா?"

அந்த வரி நான் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் நம்புவாளா? ஊரே பேசும் வரியைத் தன்னது என்று சொல்லிக்கொள்ள ஆலையில் ஓர் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இவர் ஒருவர்தான் பாக்கி. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். வேறு வரி எதுவும் கைவசம் இல்லை.

"நீ... ராத்திரியெல்லாம் தைச்ச," என்றார். "கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டே தைச்ச. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அன்னிக்கு எல்லாரும் உன்னைப் பாராட்டறப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஆனா என்னை யாரும் பார்க்கல. எனக்கும் ஏதோ தெரியும்னு காட்டிக்கணும்போல ஆயிடுச்சு. அதான் எந்திரிச்சுப் போனேன். சின்னத்தனம். வேற ஒண்ணும் இல்ல."

எந்த வளையத்திலும் அடங்காத நீளம். நடுவில் எத்தனையோ இடத்தில் பிசிறு. அவள் புடவையை மடித்து முடித்தாள். பெட்டிக்குள் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. அங்க நெஜமாவே தையல் விட்டிருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் இன்றே எல்லாம் சரியாகிவிடும்.

"விட்டிருந்தது," என்றார்.

அவள் மடியிலிருந்த புடவையின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"தெரியும்," என்றாள் பிறகு. "மாட்டறப்பவே பார்த்துட்டேன். அந்தப் பக்கத்தைச் சுவரோரமா தள்ளி விட்டிருந்தேன், யாரு கண்ணுலயும் படாதுன்னு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா பரவால்லைன்னுதான் இருந்தேன்."