வெள்ளைத் தாள்

சோப்பு நுரை வாளியின் விளிம்பைத் தொட்டதும் குழாயை மூடினாள். கணவரின் வேலைச் சட்டையை இரண்டு கைகளாலும் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். அவரை முன்னறையில் கிடத்தி மூன்று மணி நேரமாகிறது. நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் இதை அலசிப் போட்டுவிட வேண்டும் என்று அவள் கைகளுக்குத் தோன்றியது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மாதமாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டை அது. "துவைச்சுடாதே. திரும்ப வேலைக்குப் போறப்ப அப்படியே மாட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார். ஒரு டம்ளரில் கறை இருந்தால்கூடத் தூக்கம் வராது அவளுக்கு. அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டுவைத்திருந்தாள், பாருங்கள்.

"அண்ணி." கொழுந்தன் குளியலறை வாசலில் நின்றான். "மேஸ்திரி கேக்கறார். அண்ணனோட கம்பெனி சட்டை வேணுமாம்."

"இப்பவா?"

"இப்பவேதானாம்." சொல்லிவிட்டு இருமினான். சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. அண்ணனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் அதே பட்டறையில்தான் அவனும் வேலை செய்கிறான்.

அவள் சட்டையை நனைக்கவில்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அந்த ஆள் வாய்விட்டுக் கேட்கிறார் என்றால் இதில் ஏதோ இருக்கிறது.

மேஸ்திரி மேல் அவளுக்கு ஒரு வருடக் கோபம். போன வருடம் சுகாதார ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து, பட்டறை ஆட்கள் ஆறு பேர் இடுப்பில் ஆளுக்கொரு சின்ன இயந்திரம் கட்டிவிட்டாள். அதிலிருந்து காலர் வரை ஒரு குழாய், குழாய் நுனியில் ஒரு டப்பி, டப்பிக்குள் வெள்ளைத் தாள். மூச்சோடு உள்ளே போகிற தூசு அந்தத் தாளிலும் படியும். வார முடிவில் எடைபோட்டுப் பார்ப்பார்கள். மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட வேண்டும். கணவர் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தார். "நாள் பூரா என் பக்கத்துல நின்னு முணுமுணுக்கறது உனக்கப்புறம் இதுதான்" என்று சிரிப்பார்.

ஆறையும் வாங்கி ஒப்படைத்தது மேஸ்திரி. ஐந்து தாள் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவள் கணவருடையது மட்டும் வெள்ளை. முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரே கூரை, ஒரே கல். ஒருத்தனுக்குத் தூசு இல்லையென்றால் பட்டறையில் என்ன குற்றம்? மற்றவர்கள் சிகரெட்டைக் குறைக்கட்டும் என்றார். தண்ணீர் விட்டுக்கொண்டே கல் அறுக்கும் இயந்திரம் வாங்கும் பேச்சு அத்தோடு நின்றுபோனது.

தாளை மாற்றியது மேஸ்திரிதான். வேறு யார்?

அவள் முன்னறைக்கு வந்ததும் மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "தங்கச்சி, அந்தச் சட்டை..."

"செத்தவர் சட்டை மேல உங்களுக்கு என்னண்ணே அவ்வளவு ஆசை?"

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு எதுக்கும்மா? முதலாளி வாங்கிட்டு வரச் சொன்னார். ஏன்னு நான் கேக்கல." கைக்குட்டையில் இருமினார். மடிக்கும் முன் அதற்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அப்போது அந்த ஆராய்ச்சிப் பெண் உள்ளே வந்தாள். கிடத்தியிருந்தவரின் காலடியில் தலைகுனிந்து நின்றாள். இவளும் அவர்களுக்குக் கூட்டோ என்னவோ. அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"துக்கத்துக்கு வந்தியா, விசாரணைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்க்கா. பொய் சொல்ல வரல. அண்ணன் அந்த மெஷினை ஒழுங்கா மாட்டிக்கிட்டாரா? கழட்டி எங்கயாவது வெச்சிட்டாரோன்னு ஒரு வருஷமா எனக்குச் சந்தேகம்."

"அவரையா சந்தேகப்படறே? சோறு திங்கறப்பகூட அவர் அதைக் கழட்டல. வெளியில உக்காந்திருக்காரே, அவரைக் கேளு. டப்பியை மாத்தினது அவர்தான்."

"மாத்தலக்கா. ஒவ்வொரு டப்பியிலயும் நம்பர் உண்டு, தாள்லயும் உண்டு. நாங்க கொடுத்ததுதான் திரும்பி வந்துச்சு. அதான் புரியல. ஒருவேளை வீட்ல குழந்தைங்க யாராவது திறந்து..."

"இந்த வீட்ல குழந்தை ஏது? நான்தானே தினமும் திறந்து..."

அவள் பார்வை பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது.

இதே தொட்டி. தாளைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்க்கும்போது சாம்பல் நிறக் கோடு ஒன்று நெளிந்து ஓட்டைக்குள் இறங்கும். பிறகு மின்விசிறிக்குக் கீழே தாளைக் காயவைப்பாள். அடுத்தவர் பொருளை அழுக்கோடு திருப்பிக் கொடுப்பதா? கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்துக்கொண்டிருப்பார். "இவளை விட்டா நிலாவைக்கூடத் தேய்ச்சு வெச்சிடுவா."

வெளியே கொழுந்தன் இருமினான். சின்னதாக இரண்டு. நீளமாக ஒன்று.

அந்தப் பெண் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். "இப்ப வேண்டாம்க்கா. இன்னொரு நாள் வரேன்" என்றாள்.

"இல்லம்மா. இப்பவே எழுதிக்க." கதவைத் திறந்தாள். "தம்பி, இங்க வா. அண்ணே, நீங்களும்."

இருவரும் வந்து நின்றார்கள்.

"அந்தத் தாளை நான்தான் கழுவினேன். ஆறு நாளும்."

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தான். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான் வருஷம் பூரா என்னை அப்படி முறைச்சியா தங்கச்சி?" என்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "சட்டை கிடைக்கலைன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார்.

"இது துவைக்காத சட்டை" என்று கக்கத்திலிருந்ததை எடுத்துக் காட்டினாள். "இதை வெச்சு எவ்வளவு தூசுன்னு சொல்ல முடியாதுக்கா" என்றாள் ஆராய்ச்சிப் பெண். "என்ன தூசுன்னு சொல்லலாம். அந்த வெள்ளைத் தாளை ஆய்விலேர்ந்து நீக்க, நீங்க சொன்னதே போதும்."

சட்டையை மேடைமேல் விரித்தாள். மடிக்கும் முன் உதறுவதற்காகக் கைகள் தோள்பட்டையைப் பிடித்துவிட்டன. விட்டாள். உதறாமல், கசங்கிய இடத்தை நீவிவிடாமல் மடித்து, பையில் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

கை கழுவக் குளியலறைக்குப் போனாள். வாளியில் நுரை முழுக்க அடங்கி, தண்ணீர் தெளிந்து கிடந்தது. உள்ளங்கை ரேகைகளில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, கையை நீட்டாமலே குழாயை மூடினாள்.

"அண்ணி, நேரமாச்சு" என்றான் கொழுந்தன்.

"வந்துட்டேன் தம்பி."