நாற்பத்து மூன்றாவது அண்டூ

1.

இந்தக் கதை பலாபத்வலவில், போட்டோகொப்பிக் கடையொன்றில் கிடைத்தது என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். கடிதமொன்றைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். பக்கத்து மேசையில், கடையில் வேலை செய்யும் நுஸ்லா கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள்.

ஆரம்பம் ஒன்று: அன்று மாத்தளைப் பக்கம் நல்ல மழை பெய்து... (இல்லை, வெயில். வெட்டிவிட்டேன்.)

ஆரம்பம் இரண்டு: ரபாயேலும் தங்கை மரிய கொறற்றியும் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அலுவிகாரையில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்ப பிளான் போட வந்திருந்தார்கள்.

இது இருக்கட்டும்.

2.

"ஜன்னல் என் பக்கந்தான் வரணும்னு அவர்கிட்ட சொல்லுங்க மகள்," என்றார் கொறற்றி, நுஸ்லாவிடம்.

"காத்து அவங்களுக்கு, புழுக்கம் எனக்கான்னு கேளுங்க."

"ஆன்ட்டி நாலடி தள்ளித்தான் இருக்காங்க அங்கிள். நீங்களே கேக்கலாம்," என்றாள் நுஸ்லா.

பழைய கதவின் அளவைப் பார்க்க அவள் கொன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினாள்; கடைசியாக வரைந்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கும் அண்டூ அது. ஜன்னல் போயிற்று. மறுபடி அழுத்த, புதுக் கதவு போயிற்று. நாற்பத்து மூன்றாவது அழுத்தலில் சுவரே போயிற்று. வீட்டின் முன்கூடம், அந்த இருபதடி ஹோல், ஒரே ஹோலாகத் திரையில் விரிந்தது.

("மறைந்தது" என்று எழுதி வெட்டினேன். அந்தச் சுவர் மறையவில்லை. பெட்டிக்குள் எங்கோ, போன வரிசை குலையாமல் காத்து நிற்கிறது. ரீடூ என்ற அம்பைத் தொட்டால் எழும்பி வரும். நான் கடிதத்தில் ஒரு சொல்லை வெட்டினால் வெட்டினதுதான். வாயைப் பிளந்து பார்த்தேன்.)

3.

கொறற்றி திரைக்குக் கிட்ட வந்தார்.

"இந்த எடத்துலதானே அண்ணே, நீ ஏரியல் கட்டப் போயி, கூரையப் பேத்துக்கிட்டு சோபாவுல விழுந்த?"

ரபாயேல் முதல் தடவையாகத் தங்கையைப் பார்த்தார்.

"சோபாதான் ஒடஞ்சிச்சு. நான் ஒடையல."

"ஆமா, சோபாவுக்குத்தான் கட்டுப் போட்டோம்! மகள், அத ஒருக்கா வரைஞ்சு காட்டுங்களேன்."

நுஸ்லாவின் கை மவுசில் நின்றது.

"ஆன்ட்டி, இப்ப புதுசா ஒரு கோடு போட்டா ரீடூ செத்துரும். செவுரு திரும்ப வராது. எல்லாம் முதல்லேருந்துதான்."

(சேமித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். காலையிலிருந்து அங்குலத்துக்கு அங்குலம் சண்டை, சேமிக்க விட்டால்தானே? இப்போது சேமிப்பதென்றால் முதலில் சுவரை மீட்க வேண்டும். சிரிக்கிற இருவருக்கும் நடுவில் அதை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.)

4.

முடிவு அ: சோபாவை வரைகிறாள். அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில்... (சீனி கூடிவிட்டது.)

முடிவு ஆ: "செவுரக் கொண்டாங்க மகள், ஜன்னல அவளே வச்சுக்கட்டும்," என்கிறார் ரபாயேல். (இதுவும் பொய்யென்று சொல்ல என்னால் முடியவில்லை.)

நான் கண்டது இவ்வளவே. ரபாயேல் எழும்பி வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்றார்.

"எத்தனை பேர் இருக்கிற சோபா அது?"

"மூணு பேர். நீ விழுந்தப்புறம் ரெண்டு."

ரீடூ அம்பு இன்னும் மங்கவில்லை. நுஸ்லா இருவரையும் பார்த்தாள். கடைக்காரர் என் பிரதியை நீட்டினார்.

இனி நான் ஒரு வரி சேர்த்தாலும், சுவருள்ளது சுவரில்லாதது என்ற இரண்டில் ஒரு வீடு அழிந்துபோகும். ஆகவே, அன்புள்ள வாசகரே, மவுசை நீங்களே...